சாரலுக்கு வந்துவிடுவேன் என்றவள்

மே மாதத்தில் எங்கள் தென்காசியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேலைதான். மேற்கே பார்ப்பது. வெயில் மண்டையைப் பிளக்கும், மண் கொதிக்கும். அந்த நேரத்தில் நாற்றை வெளியே நட்டால் சாயந்திரத்துக்குள் அப்பளமாகிவிடும். அதனால் விதையைத் தொட்டியில் முளைக்கப் போட்டு, புறவாசலில் நிழல் பார்த்து வைத்துவிட்டு, குற்றால மலை எப்போது மேகத்துக்குள் போகும் என்று காத்திருப்பார்கள். மலை மறைந்த ஓரிரு நாளில் காற்று குளிர்ந்துவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, கழுவின கீரையை யாரோ தலைக்கு மேல் உதறியது போல் சாரல் விழும். அன்றைக்கு நாற்றைப் பிடுங்கி நட்டால் ஒன்றுகூடச் சாகாது. இது என் மனைவியின் சட்டம்.

எனக்குத் தோட்டம் தெரியாது. நான் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாரல் என்றால் அவளுக்கு நாற்று நடுகிற நாள். எனக்கு, மரக்கிளை கம்பியில் விழுந்து ஊரே இருட்டாகி, "எப்ப சார் கரண்ட் வரும்?" என்று ஆளாளுக்குப் போன் போட்டுத் திட்டுகிற நாள். ஒரே காற்றைப் பார்த்து அவள் சிரிப்பாள், நான் பல்லைக் கடிப்பேன். வேலையை விட்ட பிறகும் அந்தக் காற்று வீசினால் என் கை தானாகச் சட்டையைத் தேடும்.

போன பிப்ரவரியில் அவள் பெல்ஃபாஸ்ட் போனாள். மகள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகனுக்கும் ஷிப்டு வேலை. குழந்தை பிறந்து, மகளுக்கு லீவு முடிகிற நேரம். அந்த ஊர் அயர்லாந்தா பிரிட்டனா என்று நான் கேட்டதற்கு, "நிலம் அயர்லாந்து, ஆட்சி பிரிட்டன்ப்பா" என்றாள் மகள். செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூரில் இருந்ததை அறிந்த எங்களுக்கு இது ஒன்றும் விளங்காத விஷயம் இல்லை. விசா எடுத்தால் ஒரே மூச்சில் ஆறு மாதம் தங்கலாமாம். ஆனால் அவள் அவ்வளவு நாள் இருக்கப்போவதில்லை என்றுதான் கிளம்பினாள்.

"நாலே மாசம். சாரலுக்கு இங்கன வந்து நின்னுருவேன். மே மாசத்துல விதையை மட்டும் போட்டு வைங்க. முளைச்சதைச் சாக விட்டுறாதிய" என்றாள்.

நானும் போயிருக்கலாம். எனக்கு இளைப்பு உண்டு. ஏற்கெனவே ஒரு தடவை போய், குளிரில் மூச்சு வாங்கி, ஹீட்டரை விட்டு நகராமல் கிடந்து, நர்ஸ் மகளுக்கு வீட்டிலும் ஒரு நோயாளியாக இருந்துவிட்டுத் திரும்பியவன். மறுபடி போகத் துணிச்சல் இல்லை. அது பாதிக் காரணம். மீதிப் பாதி, நாலு மாதம்தானே என்ற மிதப்பு.

எங்கள் தெருவில் காத்திருப்பது புதிதில்லை. நிறைய வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். பெண்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து பழகியவர்கள். அதை ஒரு செய்தியாக யாரும் பேசுவதில்லை. பெண்டாட்டி வெளிநாடு போய்ப் புருஷன் காத்திருந்தால் மட்டும் அது வேடிக்கை. டீக்கடைக்குப் போனால், "அண்ணாச்சி, சோறு பொங்கியாச்சா?" என்பான் ஒருவன். "பொங்கிக் குழம்பும் வச்சாச்சு, நீ சாப்பிட வாரியா?" என்பேன். அவன் வரமாட்டான். நான் வைக்கும் குழம்பின் பெருமை அதற்குள் தெருவுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வீட்டு அம்மாதான் எனக்கு ஆறுதல். நோன்பு மாதத்தில் சாயந்திரம் தவறாமல் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி கொடுத்து விடுவார். அவர் கணவர் சவுதியில் டிரைவராக இருந்து, தலை நரைத்த பிறகுதான் ஊரோடு வந்து சேர்ந்தார். ஒருநாள் காலிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, நாங்க எத்தன வருசம் இருந்தோம்! நீங்க நாலு மாசத்துக்கே இப்படி மொகத்தத் தொங்கப் போட்டிருக்கிய. ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. எப்ப வாரன்னு மட்டும் போன்ல கேட்டுறாதிய. நீங்க கேட்டா அவுக எதையாவது சொல்லணும். சொன்னா நீங்க அத நம்பணும். என்ன சாப்பிட்ட, மழை பெஞ்சுதா, இதையே பேசுங்க. போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு, பக்கத்து வீடுகளில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் இரண்டு மாதமும் அவள் போனில் அழுதாள். ஜன்னல் வழியாக ஈரச் சுவரைக் காட்டுவாள். "இங்கன மனுச மக்க மொகத்தையே பாக்க முடியல. மகளும் மாப்பிள்ளையும் மாறி மாறி வேலைக்குப் போறாக. பிள்ளையும் நானும் இந்தச் சொவரும்தான். டிக்கெட்டை முன்னால போடச் சொல்லட்டா?" என்பாள். "பிள்ளை பாவம்லா, பொறுத்துக்கோ" என்று பெரிய மனுஷனாகச் சமாதானம் சொல்வேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் தெம்பாக இருக்கும். நான் இல்லாமல் அவளுக்கு அங்கே முடியவில்லை என்பது எனக்கு இதமாக இருந்தது.

ஆனாலும் அழுகிற முகத்தைத் தினமும் பார்க்க முடியாது. ஒருநாள் அவளுக்குப் பின்னால், வீட்டின் புறவாசலில் நாலு கட்டில் போடுகிற அளவுக்குப் புல்தரை தெரிந்தது. "சும்மாதானே கிடக்கு. அதைக் கொத்தி எதையாவது போடேன்" என்றேன். சொன்னவன் நான்தான். இதில் வேறு யாரையும் நொந்துகொள்ள வழியில்லை.

கொத்தினாள். மருமகன் மண் மூட்டை வாங்கிப் போட்டான். சமையலுக்கு வாங்கின வற்றலை உடைத்து மிளகாய் விதை எடுத்தாள். கொத்தமல்லி, வெந்தயம், கடையில் வாங்கின அவரை விதை என்று ஜன்னல் விளிம்பு முழுக்கத் தயிர் டப்பாக்களில் முளைக்கப் போட்டாள். பச்சை எட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் அவள் பழைய குரலில் பேசினாள். மே மாத முதல் வாரத்தில் ஒருநாள் அங்கிருந்து சத்தம் போட்டாள்.

"ஏங்க, இங்கன சாரல் விழுந்துட்டு!"

காட்டினாள். சாம்பல் நிற வானம், குளிர்ந்த காற்று, பொடித் தூறல். அச்சு அசல் நம் ஆனி மாதம். இங்கே நான் வியர்வையில் ஊறிக்கொண்டு அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். தன் சட்டப்படி அவள் அன்றைக்கே எல்லா நாற்றையும் வெளியே நட்டாள். நானும் "நல்ல நாள்தான், நடு" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா. எங்கள் வயதுதான், கணவர் இறந்து தனியாக இருப்பவர். அவர் வேலி மேல் எட்டிப் பார்த்து என்னவோ கையை ஆட்டிச் சொன்னாராம். இவள் ஒன்றும் புரியாமல் "எஸ், எஸ்" என்றாளாம்.

இரண்டு நாள் கழித்து மழை விட்டது. சாயங்காலமே வானம் பளிச்சென்று ஆனது. "வானம் வெளிவாங்கிட்டு. இனிமே பயமில்ல" என்று சந்தோஷமாகச் சொன்னாள். கூடவே ஒரு தமாஷும் சொன்னாள். அந்த வெள்ளைக்கார அம்மா பழைய போர்வை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து செடிகளுக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறாராம். "செடிக்குப் போர்வை போத்துதா. புருசன் போனதுல பாவம், புத்தி பெசகிட்டு போல" என்றாள். இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தோம்.

மறுநாள் அவள் போனைத் தரைப்பக்கம் திருப்பினாள். மிளகாய், அவரை எல்லாம் வெந்நீர் ஊற்றியது போலச் சுருண்டு கறுத்துக் கிடந்தன. அந்த ஊரில், அந்த மாதத்தில், மேகமும் தூறலும் இருக்கிற வரைக்கும் செடிக்கு ஆபத்தில்லையாம். வானம் தெளிந்தால்தான் ஆபத்து. ராத்திரி பனி உறைந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். எங்களுக்கு எப்படித் தெரியும்? செடியைக் கொல்வது வெயில் ஒன்றுதான் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். தென்காசியில் பிறந்த யாருக்காவது வானத்தில் நட்சத்திரத்தைப் பார்த்து மிளகாய்ச் செடிக்காகப் பயப்படத் தோன்றுமா?

அவள் அழுத அழுகையைப் பார்த்து, தோட்டக் கதை இத்தோடு முடிந்தது, நாளைக்கு டிக்கெட் பேச்சு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மறுநாள் காலையில் வெள்ளைக்கார அம்மா வேலி வழியாக ஒரு தட்டு நிறையத் தக்காளி நாற்றும் பீன்ஸ் நாற்றும் கொடுத்திருக்கிறார். அதன் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பையும் மடித்து வைத்துக் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவள் வேறு ஆள். அந்த ஊர் வானத்துக்கு நிதானம் கிடையாது. ஒரு மணி நேரத்தில் வெயில், மழை, ஆலங்கட்டி, மறுபடி வெயில் எல்லாம் வந்து போகும். "இப்பதான் தொட்டியெல்லாம் வெளிய தூக்கி வச்சேன். இந்தா, திரும்ப உள்ள கொண்டாறேன்" என்பாள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், மேலே சேலை, அதற்கும் மேலே மருமகனின் பெரிய கோட்டு. நான் சிரித்தால், "சிரிங்க. குளிர்ல நின்னு பாத்தா தெரியும்" என்று அவளும் சிரிப்பாள். எங்களுக்கு மதியம் மூன்று மணி தாண்டினால் அங்கே காலைப் பொழுது. அப்போது கூப்பிடுவாள். போனை வாளியில் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். பல நாள் எனக்குத் தெரிந்தது அந்தப் பூட்ஸ் மட்டும்தான். ஆனாலும் போதும் என்றிருந்தது.

இங்கே அவள் சொன்னபடி கத்தரியும் மிளகாயும் முருங்கை மர நிழலில் நாற்றுவிட்டிருந்தேன். தினமும் போனில் சோதனை நடக்கும்.

"கேமராவைக் கீழ காட்டுங்க. இன்னும் கீழ. இலைக்கு அடியில காட்டுங்க. ஐயே, மாவுப்பூச்சி! இதுகூடக் கண்ணுக்குத் தெரியலியா?"

"கண்ணாடி போடலட்டி."

"கண்ணாடி போடாம போஸ்ட் மரத்துல ஏறுனியளாக்கும்? வேப்பெண்ணெயை எடுத்து அடிங்க. நாளைக்குப் பாப்பேன்."

மதியச் சாப்பாடு எப்படி இருந்தாலும், அந்தத் திட்டு வாங்கிய பிறகுதான் எனக்கு வயிறு நிறையும்.

ஜூன் பிறந்து மலை மறைந்தது. ஒரு காலை கதவைத் திறந்தால் காற்று குளிர்ந்திருந்தது. அன்று மதியம் மொட்டை மாடிக்கு ஏறி அவளுக்கு மேற்குப் பக்கத்தைக் காட்டினேன். மலை இருந்த இடத்தில் வெறும் வெண்மை. முகத்தில் சாரல் விழுந்தது. "நட்டுருங்க! இன்னைக்கே நட்டுருங்க!" என்று அவள் அங்கிருந்து கத்தினாள். முழங்கால் வலியைப் பார்க்காமல் குனிந்து அவ்வளவு நாற்றையும் நட்டு முடித்தேன். அவள் டிக்கெட் அடுத்த வாரத்துக்கு. வீட்டைக் கழுவிவிட்டேன். அவளுக்குப் பிடித்த பிச்சிக் கொடிக்குப் புதுப் பந்தல் போட்டேன். கிரைண்டர் கல்லைக்கூடத் தேய்த்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். மகள் தானாகக் கூப்பிட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்பா, பிள்ளையைப் பாத்துக்கிட ஆள் கிடைக்கலப்பா. ஜூலை கடைசி வரை அம்மா இருக்கட்டும். டிக்கெட்டை மாத்திட்டேன்."

மாற்றட்டுமா என்று கேட்கவில்லை. மாற்றியாகிவிட்டது. "அதுக்கென்னம்மா, பிள்ளைதான் முக்கியம்" என்றேன். பெற்ற தகப்பன் வேறு என்ன சொல்ல முடியும்? பக்கத்தில்தான் அவளும் இருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனுக்கு வந்தாள். "நாத்து நிமுந்துட்டா?" என்று கேட்டாள். "நிமுந்துட்டு" என்றேன். மழை பெய்ததா என்று நானும் கேட்டேன்.

நாற்று நிமிர்ந்தது உண்மைதான். அதற்குப் பிறகுதான் என் கெட்டிக்காரத்தனம் ஆரம்பித்தது. தினமும்தான் சாரல் விழுகிறதே, தண்ணீர் எதற்கு என்று விட்டுவிட்டேன். சாரலைப் போல ஏமாற்றுக்காரி கிடையாது. இலை நனைந்திருக்கும், தெரு நனைந்திருக்கும், குடை பிடித்துக்கொண்டு போனவனும் நனைந்திருப்பான். மண்ணை விரலால் கிண்டிப் பார்த்தால் கீழே பொடிப் பொடியாகக் காய்ந்து கிடக்கும். மேலே விழுகிற ஈரத்தை எல்லாம் காற்று உறிஞ்சிவிடும். வருஷா வருஷம் அவள் சாரலில் நனைந்துகொண்டே வாளியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவாள். "மழையில தண்ணி ஊத்துதா பாரு" என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஏன் ஊற்றுகிறாய் என்று ஒருநாளாவது கேட்டிருந்தால் கத்தரி பிழைத்திருக்கும். பாதிக்கு மேல் தலை தொங்கிப் போய்விட்டது.

இரண்டு நாள் அவளிடம் மறைத்தேன். கேமராவைப் பிச்சிப் பந்தல் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தத் திட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் சொன்னேன். செத்த செடிகளை வரிசையாகக் காட்டினேன். அவள் பார்த்தாள்.

"போட்டும், விடுங்க. கத்திரிக்காய் கடையில கெடைக்கும்லா" என்றாள்.

அவ்வளவுதான். உடனே போனைத் திருப்பி, கம்பில் ஏறிக்கொண்டிருந்த அவளுடைய பீன்ஸைக் காட்ட ஆரம்பித்தாள். ஒரு இலை ஒடிந்தால் சாப்பிடாமல் சண்டை போடுகிறவள். அவள் ஒரு மணி நேரம் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் குற்றாலம் போனேன். ஒவ்வொரு வருஷமும் சீசன் தொடங்கியதும் கூட்டம் வருவதற்கு முன்னால், விடிந்ததும் விடியாததுமாக டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் போய்விடுவோம். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று இந்த வருஷம் தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதை யோசிக்கவில்லை. மெயின் அருவியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அங்கே போய் நின்ற பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. தனி ஆள் அருவியில் குளிக்க முடியாது. சட்டை, வேட்டி, கண்ணாடி, பர்ஸ், போன் எல்லாவற்றையும் யாரிடம் கொடுப்பது? அவள் பெண்கள் பக்கம் குளிப்பாள், நான் ஆண்கள் பக்கம். ஒருவர் குளிக்கும்போது ஒருவர் பையை வைத்துக்கொண்டு நிற்போம். இத்தனை வருஷமாக இது ஒரு ஏற்பாடு என்றே நான் நினைத்ததில்லை.

பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக் குடும்பம். பிள்ளைகள், மாமியார், துண்டு துணி மூட்டை என்று ஒரு படையே இருந்தது.

"இப்படி வச்சிட்டுப் போங்கய்யா. நாங்க இங்கதான் இருக்கோம். தனியாவா வந்தீங்க?"

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "இல்லம்மா, வீட்ல பொம்பளையாள் பக்கம் குளிக்காக" என்று சொல்லிவிட்டேன்.

அருவிக்குள் போய் நின்றேன். தண்ணீர் தலையிலும் தோளிலும் அடித்தது. கண்ணைத் திறக்க முடியாது, பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அந்தக் கொஞ்ச நேரம் நான் சொன்ன பொய்யை நானே நம்பினேன். அந்தப் பக்கம் அவளும் தண்ணீருக்குள் நிற்கிறாள், முடிந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டு வருவாள், போகிற வழியில் சூடாக இரண்டு பஜ்ஜி சாப்பிடலாம். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

பையை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தால், அந்தப் பெண் விடவில்லை. "அம்மா இன்னும் வரலையே. ஈரத்தோட நிக்காதீங்க. உக்காருங்க, வரட்டும்" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பிளாஸ்கில் இருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். நானும் உட்கார்ந்து குடித்தேன். பெண்கள் பக்கத்தில் இருந்து வயதானவர்கள் யார் வந்தாலும், "இவங்களாய்யா?" என்பார். "இல்ல" என்பேன். "அந்தப் பச்சைச் சேலையா?" "இல்லம்மா." அடுத்த ஆள் வருவார். "இவங்களா?" எத்தனை தடவைதான் இல்லை என்று சொல்வது? கடைசியில், "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து, எதிர்ப் பக்கமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஈரத் தலையைத் துவட்டினேன். இந்த வயதில் முன்பின் தெரியாதவரிடம் இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்லிக் காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அதை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் மூலைக்குப் போனாள். புதிதாகத் தோண்டிய மண்ணில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கன்று நின்றது.

"ஆப்பிள்! பக்கத்து வீட்டு அம்மா தந்தா. தொட்டியிலயே வச்சிருந்தாளாம். அவ தோட்டத்துல எடம் இல்லியாம். நானே குழி தோண்டி வச்சேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். ஒரு மரக்கன்றைக் காட்டினால் யாரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். "எப்ப காய்க்கும்?"

"மூணு வருசம் ஆகுமாம்."

சொல்லிவிட்டுக் கையில் இருந்த மண்ணைத் தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றது. சொன்னது என்ன என்று அவளுக்கும் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். கொத்தமல்லி போட்டால் சில வாரத்தில் கிள்ளலாம். பீன்ஸ் ஒரு கோடைக்கு. அவள் எதை நடுகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், எத்தனை நாளைக்கு நடுகிறாள் என்று பார்க்கத் தவறிவிட்டேன். அவள் குனிந்து கன்றைச் சுற்றி மண்ணை அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே அமுக்கிய மண்தான்.

அப்போது அங்கே மழை பிடித்துக்கொண்டது. "ஐயோ, பிள்ளைத் துணி!" என்று போனை அங்கேயே எதன் மேலோ மல்லாக்க வைத்துவிட்டு ஓடினாள். எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. வெளுத்த வானம். அதில் இருந்து ஒவ்வொரு துளியாக நேராக என் முகத்தை நோக்கி வந்து கண்ணாடியில் விழுந்து உடைந்தது. கொஞ்ச நேரத்தில் வானமும் கலங்கி ஒன்றும் தெரியாமல் போனது. சத்தம் மட்டும் கேட்டது. அவள் வேலிக்கு அந்தப் பக்கம் கத்துகிறாள். "டேக் இன்சைட்! டேக் இன்சைட்!" அந்த அம்மா என்னவோ பதிலுக்குக் கத்துகிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கிற சிரிப்பு.

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டும். சுவரைப் பார்த்து அழுதவள் இப்படிச் சிரிக்கிறாளே என்று நிம்மதிப்பட வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மழை மேல், அந்த அம்மா மேல், அந்தக் கன்றின் மேல்கூடப் பொறாமை. எங்கள் புறவாசலில் அன்றைக்கு நல்ல வெயில். முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, மழைச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு, நான் போனை வைக்காமல் இருந்தேன்.

கடைசியில் வந்து போனை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நெற்றி முடியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

"இன்னும் இருக்கியளா? வச்சிட்டுப் போயிருப்பியன்னு நெனச்சேன்."

"இருக்கேன்" என்றேன். அதற்கு மேல் என்னால் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேச முடியவில்லை. கேட்டுவிட்டேன். "ஏட்டி, ஒண்ணு கேக்கேன், ஒளிக்காம சொல்லு. ஜூலைக் கடைசில நீ வருவியா, இல்ல வந்துட்டுப் போவியா?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான நாளில் இருந்து அவளிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அதுதான். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பிள்ளை விழித்து அழுகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சினாள். மழை ஈரமா வேறு ஈரமா என்று எனக்குத் தெரியவில்லை.

"வந்துட்டுப் போவேன்" என்றாள்.

பிள்ளை அங்கே வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் போகாமல் என் பதிலுக்காக நின்றாள்.

"சரி" என்றேன். "உள்ள போறதுக்கு முன்னால அந்தக் கன்னுக்கு ஒரு கம்பு ஊனிக் கட்டிட்டுப் போ. காத்து அடிக்கும்லா."